செவலையின் தலைக்கயிறு

மாட்டுப் பொங்கலன்று விநாயகம் வீட்டில் கயிற்றுக்குத்தான் படையல். மாடு கிடையாது. ஊரெல்லாம் கொம்புக்கு வர்ணம் அடித்து, கழுத்தில் மாலை கட்டி, செஞ்சித் தெருக்களை ரெண்டாக்கிக்கொண்டிருக்கும்போது, சிங்கவரம் போகிற சாலையில் இருக்கும் தன் வீட்டுப் பின்பக்கத்தில் அவன் ஆணியிலிருந்து ஒரு பழைய தலைக்கயிற்றை இறக்குவான். மஞ்சள் தண்ணீரில் நனைத்து, குங்குமம் வைத்து, அதன் முன்னால் வாழையிலையில் ஒரு பிடி பொங்கல் வைத்துக் கற்பூரம் காட்டுவான். அவன் மனைவி வளர்மதி கதவில் சாய்ந்து நின்று வேடிக்கை பார்ப்பாள்.

"இந்த வருசமாவது கயிறு கன்னு போடுமான்னு கேட்டுச் சொல்லுய்யா" என்பாள்.

அவன் காதில் வாங்கிக்கொள்ள மாட்டான். கற்பூரம் அணைகிற வரைக்கும் கைகட்டி நிற்பான். கேலி பேசுகிறவளும் கடைசியில் கொஞ்சம் குங்குமம் எடுத்துத் தாலியில் வைத்துக்கொண்டுதான் உள்ளே போவாள்.

அந்தக் கயிறு செவலையுடையது. சாலையை அகலப்படுத்துவதற்கு முன்னால் திண்டிவனம் ரோட்டோரம் அவர்களுக்கு ஒரு கொட்டகையும் கொல்லையும் இருந்தன. செவலை அந்தக் கொட்டகையிலேயே பிறந்த நாட்டு மாடு. நெற்றியில் வெள்ளைச் சுட்டி. திமிலில் கோபுரச் சுழி. அதற்கு இடப்பக்கம், பொட்டு வைத்த அளவுக்கு இன்னொரு குட்டிச் சுழி. மாட்டின் மயிர்ச்சுழி பார்த்து ராசி சொல்வதில் விநாயகம் கெட்டிக்காரன். அக்கம்பக்கத்து ஊர்க்காரர்கள் மாடு வாங்கப் போனால் அவனைக் கூட்டிக்கொண்டு போவார்கள். அப்படிப்பட்டவன் அந்தக் குட்டிச் சுழியை வேறெந்த மாட்டிடமும் பார்த்ததில்லை.

செவலை ஒன்றும் குடம் குடமாய்க் கறந்துவிடவில்லை. ஆனாலும் மாசிப் பனியில் விடியும் முன்பு கொட்டகைக்குள் போனால், சாணியும் வைக்கோலும் மாட்டு மூச்சும் கலந்து ஒரு வெதுவெதுப்பு இருக்கும். வளர்மதி மடியைக் கழுவிக்கொண்டே முந்தின நாள் கதையை எல்லாம் மாட்டிடம் சொல்வாள். மாமியாரைப் பற்றிச் சொன்னால் செவலை முதுகுத் தோலைச் சிலிர்க்கும் என்று அவள் சத்தியம் செய்வாள். மல்லாட்டை என்கிற வேர்க்கடலையைப் பிடுங்குகிற காலத்தில் கொடியை உதறிக் காயை ஆய்ந்த கையோடு பச்சைக்கொடியை ஒரு சுமை கொண்டுவந்து போட்டால் போதும், அது மெல்லுகிற சத்தத்திலேயே இவர்களுக்குத் தூக்கம் வந்துவிடும். அந்த மாதிரித் தூக்கம் அப்புறம் இருவருக்கும் வரவில்லை.

சாலைக்காக அளந்து கல் நட்டார்கள். கொட்டகையும் போயிற்று, மேய்ச்சலும் போயிற்று. வாடகை வீட்டில் மாட்டை எங்கே கட்டுவது? நிறைசினையாக இருந்த செவலையை அவலூர்பேட்டை சந்தைக்கு ஓட்டிக்கொண்டு போனான். தரகர் துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்து விலையை முடித்தார். மாட்டை விற்றாலும் கயிற்றை விற்கக் கூடாது, கயிற்றோடு பட்டியின் லட்சுமியும் போய்விடும் என்பது இந்தப் பக்கத்து வழக்கம். வாங்குகிறவர்தான் புதுக்கயிறு கொண்டுவர வேண்டும். அன்றைக்கு வாங்கிய ஆள் மறந்துவிட்டு வந்திருந்தார். கயிற்றோடு கொடுத்துவிடு, அடுத்த சந்தைக்குக் கொண்டுவந்து தருகிறேன் என்று கெஞ்சிப் பார்த்தார். விநாயகம் முடியாது என்று முடிச்சை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டு பஸ் ஏறிவிட்டான். திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் விற்றிருக்க மாட்டான்.

நிலத்துக்குக் கிடைத்ததை வைத்து இந்த ரெண்டு அறை வீட்டைக் கட்டினார்கள். மகள் மோனிகா படித்து முடித்து சென்னையில் நர்சாகிவிட்டாள். விநாயகம், நெல் ஏலம் போகிற மார்க்கெட் கமிட்டியில் மூட்டை தூக்குகிறான். வளர்மதி அதே கமிட்டியில் நெல் காயவைக்கவும் தூற்றவும் போகிறாள். இந்தத் தையில்தான் பின்பக்கத்தில் நாலு கால் நட்டு ஓலை வேய்ந்து ஒரு கொட்டகை போட்டான். கழுநீர்த் தொட்டிகூட வாங்கி வைத்துவிட்டான். மாடு மட்டும்தான் பாக்கி.

மாடு கிடைக்காமல் இல்லை. அவன் மனசுக்குக் கிடைக்கவில்லை. சந்தைக்குப் போவான், பல்லைப் பிடித்துப் பார்ப்பான், சுழி பார்ப்பான், உதட்டைப் பிதுக்கிக்கொண்டு திரும்பிவிடுவான். சாயங்காலம் மோனிகா கொடுத்த செல்போனில் மாடு பார்ப்பான். சிலருக்குச் சினிமா, சிலருக்குச் சீட்டாட்டம், இவனுக்கு மாட்டு வீடியோ. செல்போனும் ஆள் ருசி அறிந்து மாடாகவே கொண்டுவந்து கொட்டியது.

அப்படித்தான் ஒரு நாள் அந்த வீடியோ வந்தது. செவலை நிறத்தில் ஒரு மாடு, அரை நிமிஷம், நின்ற இடத்திலேயே அசை போடுகிறது. நெற்றியில் வெள்ளைச் சுட்டி. ஒரு ஈயை விரட்ட அது பக்கவாட்டில் திரும்பியபோது விநாயகம் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டான். திமிலில் கோபுரச் சுழி. இடப்பக்கம் குட்டிச் சுழி. நிறுத்தி, பெரிசாக்கி, மறுபடி பார்த்தான். செவலையின் வயிற்றில் போன கன்று இதுதான் என்று அவன் எந்தக் கோயிலில் வேண்டுமானாலும் சூடம் அணைப்பான்.

கீழே விற்பனைக்கு என்று போட்டு ஒரு நம்பர் இருந்தது. பேசியவன் மரியாதையான ஆள், வார்த்தைக்கு வார்த்தை அண்ணே. தான் பட்டாளத்தில் இருப்பதாகவும், காஷ்மீருக்கு மாற்றல் வந்துவிட்டதாகவும், ஓசூர் பக்கத்தில் இருக்கும் பண்ணையை அவசரமாகக் கலைப்பதாகவும் சொன்னான். சீருடையில் இருக்கும் போட்டோவும் அடையாள அட்டையும் தானாகவே அனுப்பினான். விலை சந்தை விலையில் பாதி. சந்தையில் எவனாவது பாதி விலை சொன்னால், உதைக்கிற மாடா, பால் வற்றிய மாடா என்று நூறு கேள்வி கேட்கிற விநாயகம், நாட்டுக்காகப் போகிறவன் அவசரத்தில் தருகிறான் என்று நினைத்து உருகிப்போனான்.

இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. சந்தையில் ஆளை விசாரிப்பது தரகர் வேலை. எந்த ஊர், யார் மகன், போன சந்தையில் யாருக்கு விற்றான், எல்லாம் தரகர் வாயில் இருக்கும். விநாயகத்தின் வேலை மாட்டைப் பார்ப்பது மட்டும். அதைத்தான் இங்கேயும் ஒழுங்காகச் செய்தான். மாட்டில் ஒரு குறையும் இல்லை. வெள்ளிக்கிழமை ராகுகாலம் கழித்து, கிழக்கே பார்த்து நின்று, அச்சாரத்தைப் போனில் அனுப்பினான். அச்சாரம் கை மாறினால் கடவுளே வந்தாலும் பேச்சு மாறாது என்பது அவன் கண்ட உலகம்.

மூணு நாளில் சிங்க முத்திரை போட்டு இங்கிலீஷில் ஒரு மெயில் வந்தது. பட்டாளத்து லாரியில் மாடு ஏறப் போகிறதாம். மீதித் தொகையும் இன்சூரன்சும் உடனே கட்ட வேண்டும், மாடு வந்து சேர்ந்ததும் இன்சூரன்ஸ் பணம் திரும்ப வந்துவிடும் என்று அந்த ஆளே அர்த்தம் சொன்னான். பகல் பன்னிரண்டு மணிதான் கெடு. விநாயகத்திடம் இருந்தது அச்சாரத்தோடு தீர்ந்துவிட்டது. மீதி இருப்பது வளர்மதியின் பேரில், மகளிர் குழுவில் வருஷக்கணக்காக அவள் சேர்த்தது. மோனிகா கல்யாணத்துக்கு என்று அவள் தொடாமல் வைத்திருந்த ஒரே கையிருப்பு அதுதான்.

கமிட்டிப் புங்கமரத்தடியில், தூற்றிய நெல் தூசியோடு அவள் கூழ் குடித்துக்கொண்டிருந்தபோது போய் உட்கார்ந்தான். செல்போனை நீட்டினான். திட்டுவாள் என்று எதிர்பார்த்திருந்தான். அவள் வீடியோவைப் பார்த்தாள், கடித்த மோர் மிளகாயைக் கீழே வைத்தாள், இன்னொரு தடவை பார்த்தாள். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"செவலதான்யா" என்றாள். "அப்பிடியே அவ ஆத்தாளாட்டம் பாக்குறா பாரு."

விஷயத்தைச் சொன்னான். அவள் மறுபேச்சுப் பேசவில்லை. மோனிகாவுக்கு இன்னும் ரெண்டு வருஷம் இருக்குது, அதுக்குள்ள பால் வித்தே சேர்த்துடலாம் என்று அவளே கணக்குச் சொன்னாள். ஏமாறுவதற்கு அவளும் தயாராகத்தான் இருந்தாள், அதை மறைப்பானேன். பேங்குக்குப் போக எழுந்து புடவையை உதறும்போது அவளுக்குச் சந்தோஷத்தில் கால் தரையில் பாவவில்லை.

"புதுக்கயிறு வாங்க வாணாம், ஆணியில இருக்கறதே போதும்" என்றாள். "மாட்டுக்காரரு தங்கயித்த அவுத்துக்கினுதான ஏத்துவாரு? லாரியில கட்றதுக்கு இன்னா பண்ணுவாங்களாம்? கேட்டியா?"

அவன் கேட்கவில்லை. நல்ல கேள்வியாகப் பட்டது. உடனே போன் போட்டு, அவளும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் வைத்தான்.

"கயிறா?" என்று அந்த ஆள் சிரித்தான். "அண்ணே, கயிறு, கழுத்து மணி, தொட்டி எல்லாமே உங்களுக்குத்தான். தனியாக் காசு வேண்டாம். பணத்த மட்டும் பன்னெண்டுக்குள்ள போட்டுடுங்க."

புருஷனும் பெண்டாட்டியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். தராசில் மூட்டை ஏறுகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. விநாயகம் மெதுவாகப் போனை அணைத்தான்.

"மாடு வளத்தவன் கயித்தக் குடுக்க மாட்டான்யா" என்றாள் வளர்மதி.

"பட்டாளத்துல இருக்கறவன். அவனுக்கு இதெல்லாம் இன்னா தெரியும்?"

"அவனுக்குத் தெரியாது, சரி. பண்ணையில மாட்டப் பாத்துக்கறவனுக்கும் தெரியாதா? அவன் ஆத்தாளுக்குமா தெரியாது?" "அந்த மாட்டுகிட்ட போயி நின்னு வீடியோவுல பேசச் சொல்லு. பேரச் சொல்லிக் கூப்டச் சொல்லு. அது காத ஆட்டட்டும், நான் பணம் எடுத்துத் தரேன்."

மறுபடியும் கூப்பிட்டான். தான் பண்ணையில் இல்லை என்றான் அந்த ஆள். யாரையாவது நிற்கச் சொல்லேன் என்றதும் லாரி கிளம்பிவிட்டது என்றான். டிரைவர் நம்பர் கேட்டதும் அண்ணே போய் நீ வந்தது. பணம் கட்டாவிட்டால் ராணுவ கேஸ் ஆகும், வீட்டுக்குப் போலீஸ் வரும் என்று மிரட்டினான். அதற்குப் பிறகு அந்த நம்பர் எடுக்கவே இல்லை.

போலீஸ் வரட்டும் என்று காத்திருக்காமல் வளர்மதி அவனைக் கையோடு ஸ்டேஷனுக்கு அழைத்துப் போனாள். அங்கே வெண்மதி என்கிற பெண் போலீஸ் பொறுமையாகக் கேட்டு, 1930 என்ற நம்பருக்குப் பேச வைத்துப் புகாரைப் பதிந்து கொடுத்தாள். சீக்கிரம் சொன்னால் பணத்தைப் பாதி வழியில் மடக்க வாய்ப்புண்டு, நாள் ஆகிவிட்டதால் உறுதி சொல்ல முடியாது என்றாள். பொருளைக் கண்ணால் பார்க்காமல் முன்பணம் போடக் கூடாது, போட்டோவும் அடையாள அட்டையும் எவன் வேண்டுமானாலும் எங்கிருந்தும் எடுத்துப் போடுவான், நம்மை அவசரப்படுத்துகிறவனைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும் என்று தங்கை மாதிரி எடுத்துச் சொன்னாள். இந்த மாசம் மட்டும் ஸ்கூட்டருக்குக் கட்டினவர்கள், பட்டுப்புடவைக்குக் கட்டினவர்கள் என்று எத்தனையோ பேர் இதே பெஞ்சில் உட்கார்ந்து போனார்களாம். விநாயகம் தலையை ஆட்டினான். ஒன்றும் மண்டையில் ஏறவில்லை.

போன பணத்துக்காக அவன் அழவில்லை. நாலு மாசம் மூட்டை தூக்கினால் அது வந்துவிடும். புதுக் கொட்டகைக்குள் போய்க் காலித் தொட்டியில் உட்கார்ந்துகொண்டான். கொட்டகையையும் மாட்டையும் ரெண்டாம் முறை பறிகொடுத்த மாதிரி இருந்தது. ஊரே சுழி பார்க்கக் கூப்பிடுகிற தன்னை ஒரு குரல் ஏய்த்துவிட்டதே என்கிற வெட்கம் வேறு பிடுங்கித் தின்றது.

"ஆளு பொய்யி. மாடு நெசம், வளரு" என்றான். "அந்தச் சுழிய எவனும் வரைய முடியாது."

வளர்மதி அவன் கையிலிருந்து செல்போனை வாங்கிப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தாள். ஆற்றாமைக்குத்தான் பார்த்தாள். அவன் அந்த வீடியோவை எத்தனை தடவை பார்த்திருப்பான் என்பதற்குக் கணக்கில்லை. எல்லாத் தடவையும் மாட்டைத்தான் பார்த்தான். வளர்மதியின் கண் மாட்டுக்குப் பின்னால் போயிற்று.

"இந்தாய்யா, இது இன்னா பாற?"

"பாற இல்லாத எடம் ஏது?"

"இதப் பாரு. தூணு தெரியுது. கல்லக் குடைஞ்ச கோயிலு. இது தளவானூரு." அவள் எழுந்து நின்றுவிட்டாள். "எங்க அம்மாவோட கள வெட்டப் போவேன்ல, இந்த நெழல்ல ஒக்காந்துதான் கூழு குடிப்போம். ஓசூரும் இல்ல, ஒண்ணும் இல்ல. மாடு இங்க இருக்குதுய்யா, நம்ம பக்கத்துல."

மறுநாள் காலையிலேயே பஸ் ஏறிவிட்டார்கள். இறங்கி நடக்கிற வழியெல்லாம் மல்லாட்டை பிடுங்கிக்கொண்டிருந்தார்கள். புதுமண்ணும் பச்சைக்கொடியும் கலந்த அந்த வாசனை மூக்கில் ஏறியதும் வளர்மதி நடையை எட்டிப் போட்டாள். கல்லுக்கோயிலுக்குக் கீழே ரெண்டு கொல்லை தள்ளி ஒரு வேப்பமரம். அதன் அடியில் மாடு, வீடியோவில் நின்ற மாதிரியே நின்றது. கூடுதலாக ஒன்று: பிறந்து பத்துநாள்கூட ஆகாத ஒரு கிடேரிக் கன்று மடியை முட்டிக்கொண்டிருந்தது.

ஒரு அம்மாள் கையில் அரிவாளோடு வந்தாள். மீனம்பாள் என்று பெயர். வயசு அறுபது இருக்கும், ஒரு காலைச் சாய்த்துச் சாய்த்து நடந்தாள்.

"மாடு விக்கறதுக்கு இல்ல" என்றாள் எடுத்த எடுப்பில்.

வாங்க வரவில்லை என்று வளர்மதி எல்லாவற்றையும் சொன்னாள். மீனம்பாள் செல்போனில் தன் மாட்டைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டாள். அவள் மகன் பாரதி கோயம்புத்தூரில் மில்லில் இருக்கிறான். மாட்டைப் பார்க்காமல் இருக்க முடியவில்லை என்று அவன் புலம்பியதால் அவளே எடுத்து அனுப்பிய வீடியோ அது. அவன் ஆசையாக ஊருக்கெல்லாம் தெரிகிற மாதிரிப் போட்டிருக்கிறான். எவனோ அதைத் திருடி விலை வைத்துவிட்டான். எம்மாட்டக் காட்டி உங்க காசப் புடுங்கிட்டானே என்று, அவளே தப்புச் செய்த மாதிரி நொந்துகொண்டாள்.

விநாயகம் அதற்குள் மாட்டை நெருங்கிவிட்டான். இந்த மாட்டுக்கு அவனைத் தெரியாது. தெரிய நியாயமும் இல்லை. திமிலில் கை வைத்தான். விரல் நுனியில் முதலில் பெரிய சுழி, பிறகு குட்டிச் சுழி. மாடு முதுகுத் தோலைச் சிலிர்த்தது.

"இதோட ஆத்தாள எங்க வாங்கினீங்கம்மா?" என்று கேட்டான்.

"அவலூர்பேட்ட சந்தையில. எங்க வூட்டுக்காரரு இருந்தப்ப. அத ஏன் கேக்கற போ" என்று மீனம்பாள் பழைய நினைப்பில் சிரித்தாள். "வித்தவன் கயித்தத் தர மாட்டேன்னு அவுத்துக்கினு போயிட்டானாம். இவரு தலத்துண்ட முறுக்கிக் கட்டி, அம்மாந்தூரமும் நடந்தே இட்டுகினு வந்தாரு. வரும்போதே ராத்திரி ஆயிப்போச்சு. ஆனா கோவமே இல்ல அவருக்கு. கயித்த வுடாதவன்கிட்ட வாங்கின மாடு, நல்லா வளத்திருப்பான், நமக்கும் தங்கும்னாரு. தங்குச்சு. போன மாசி வரைக்கும் இருந்து, இதோ இந்தப் பாறைக்குக் கீழதான் பொதைச்சோம்."

விநாயகம் அந்தப் பாறைப் பக்கம் திரும்பிக்கொண்டான். தோள் குலுங்குவது தெரிந்தது. வளர்மதிதான், அந்தக் கயிற்றுக்காரன் இவர்தான் என்று சொன்னாள்.

மீனம்பாள் அவனை ஏற இறங்கப் பார்த்தாள். அப்புறம் குடிசைக்குள் போய் ஒரு தூக்குச் சட்டியில் சீம்பால் கட்டியது கொண்டுவந்து கொடுத்தாள். கடைசிச் சீம்பாலாம், வெல்லமும் ஏலக்காயும் போட்டிருந்தாள். செவலையின் முதல் ஈற்றில் தெருவெல்லாம் சீம்பால் கொடுத்தது வளர்மதிக்கு ஞாபகம் வந்தது. மூவரும் வேப்பமர நிழலில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள்.

"தாய நான் வுட மாட்டேன்" என்றாள் மீனம்பாள். "அவரு இருந்த எடத்துல இது இருக்குது. ஆனா ரெண்ட மேய்க்க எங்காலு ஒத்துக்கல. கன்னு பால் மறந்து நாலு புல்லு கடிக்கட்டும். வந்து இட்டுகினு போங்க. வெல ஊரு வெல."

விநாயகத்தின் கை தானாகச் சட்டைப் பைக்குப் போயிற்று. பஸ்ஸுக்குப் போக மிச்சம் இருந்ததை அச்சாரமாக நீட்டினான். அவள் அவன் கையைத் தள்ளிவிட்டாள்.

"பொருளு கைக்கு வராம எதுக்குக் காசு? பட்டது போறாதா உனுக்கு?" என்று அதட்டினாள். கன்று அதற்குள் அவள் முந்தானையைச் சப்ப ஆரம்பித்திருந்தது. அதை விடுவித்துக்கொண்டே, இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது என்கிற மாதிரி நிமிர்ந்தாள்.

"ஒண்ணு மட்டும் சொல்லிட்டேன். கன்னத் தருவேன். கயித்தத் தர மாட்டேன்."

விநாயகம் பதில் சொல்ல வாயெடுப்பதற்குள், வருஷா வருஷம் கேலி பேசிய வளர்மதிதான் சொன்னாள்.

"கயிறு எங்ககிட்ட இருக்குதும்மா."